உக்கடம் புல்லி

என் செல்போனில் அவர் பெயர் 'உக்கடம் புல்லி'. சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. கேட்காமலே ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. அதற்கப்புறம் கேட்டால் அசிங்கம் என்று விட்டுவிட்டேன். அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. அவர் போனில் நான் என்னவாக இருந்தேனோ தெரியாது. 'ஆறு வரி அம்மணி' என்று இருந்திருக்கலாம், அப்போது நான் தேடிக்கொண்டிருந்தது அப்படி ஒரு புல்லியைத்தான்.

உக்கடத்தில் பழைய கார்களை உடைத்து, பாகம் பாகமாகப் பிரித்து விற்கிற கடைகள் வரிசையாக இருக்கும். ஒரு கடையில் கதவு மட்டும், ஒரு கடையில் விளக்கு மட்டும், ஒரு கடையில் எல்லாமும் குவியலாக. அவருடையது ஏசி சாமான் கடை. ஆள் என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். தலை நிறைய முடி, சட்டைப்பையில் பேனாவுக்குப் பதிலாக மஞ்சள் பெயிண்ட் பேனா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மதியத்துக்கு மேல்தான் கடை திறப்பார்.

அந்த மஞ்சள் பேனாவில்தான் எல்லாமே இருந்தது. மற்ற கடைகளில் நுழைந்தால் துருப்பிடித்த கம்பியைக்கூட "ஒரிஜினல் சாமானுங்க, புதுசு மாதிரி" என்பார்கள். இவர் கடையில் ஒவ்வொரு சாமானின் மேலும் அதன் குறை எழுதியிருக்கும். 'ரெண்டாம் நம்பரில் ஓடாது.' 'கீழ் மூலையில் கசியும்.' 'இரைச்சல் வரும், கெடுதல் இல்லை.' விலை எங்கேயும் எழுதியிருக்காது, குறை மட்டும் பளிச்சென்று தெரியும். கடைக்குள் முதல் தடவை நின்றபோது, ஏதோ கோபத்தில் பொண்டாட்டியோ தம்பியோ வந்து கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

நான் தேடிப் போனது ஒரு புல்லி. காரின் ஏசி கம்ப்ரசருக்கு முகப்பில் ஒரு சக்கரம் இருக்கும். இன்ஜின் பெல்ட் அதன்மேல் ஓடி அதைச் சுற்றும். எங்கள் கார் பத்தொன்பது வயதுக் கார். என் கணவர் பம்புசெட் விற்பனைக்காக மாதத்தில் இருபது நாள் வெளியூர் சுற்றுகிறவர். கார் என் கையில்தான். பங்குனி வெயில் ஆரம்பிக்கிற சமயத்தில் அந்தப் புல்லியின் பேரிங் கத்த ஆரம்பித்து, ஒரு நாள் வாய் பிளந்துவிட்டது. கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல காலம் ஆகிறது. ஷோரூமில் கேட்டதற்கு அந்தப் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இந்தக் கார் இன்னும் ஓடுகிறதா என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

முதல் நாள் அவரிடம் போனை நீட்டினேன். புல்லியை நாலு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தேன். அவர் போனைத் தொடக்கூட இல்லை.

"படம் ஆகாதுங்க. பழசக் கழட்டிக் கொண்டாங்க."

"ஏனுங்க, இதுலயே எல்லாம் தெரியுதில்லைங்க? வருசம், மாடல் நம்பர் எல்லாம் சொல்றேனே."

"படம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா கையில புடிச்சு சுத்திப் பாக்கோணும். படத்தைச் சுத்த முடியாதுங்களே."

மறுநாள் மெக்கானிக்கைக் கெஞ்சிக் கழற்றி, மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கிக் காதோரம் வைத்துச் சுற்றினார். பள்ளங்களை விரல் நகத்தால் எண்ணினார். "ஆறு வரி" என்றார். பெல்ட் பதிந்து ஓடுகிற பள்ளங்களைத்தான் வரி என்பார்கள். எழுந்து உள்ளே போய், அதே போல் ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அச்சு அசலாக அதேதான். அதன்மேல் மஞ்சள் எழுத்து ஒன்றும் இல்லை. நான் பர்ஸைத் திறந்துவிட்டேன்.

"இது தர முடியாதுங்க" என்றார்.

"வேற யாருக்காச்சும் சொல்லி வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. இதுக்கு இன்னும் குறை கண்டுபுடிக்கலீங்க."

"குறையே இல்லாம இருக்கலாமில்லைங்க?"

"உடைச்ச வண்டில இருந்து வந்த சாமானுங்க. குறை இல்லாம இருக்காது. எனக்கு இன்னும் தெரியலீங்கறதுதான் நெசம். ரெண்டு நாள் குடுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இரண்டு புல்லிகளையும் அவர் தலையில் போட்டிருப்பேன். வியாபாரம் செய்கிறவன் லட்சணமா இது? பக்கத்துக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவரு அப்படித்தானுங்க. வர்ற ஆளையெல்லாம் தொரத்தி உட்டுப்போட்டு, பொழுதோட நம்மகிட்ட வந்து டீ குடிப்பாரு" என்றார். அவர் அதைக் கேட்டுச் சிரித்தார், மறுக்கவில்லை.

இப்படிச் சொல்லும்போது ஏதோ மகான் மாதிரித் தெரியலாம். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அவர் வாயினால் ஒரு ஆளின் முகம் செத்துப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு டாக்சிக்காரர் முதல் நாள் வாங்கிய பழைய காரோடு வந்தார். முகப்பில் போட்ட மாலை வாடவில்லை, கண்ணாடியில் சந்தனம் காயவில்லை. அவருக்கு வேண்டியது ஏசி காற்று வருகிற ஜன்னல் மூடி ஒன்று, அவ்வளவுதான். இவர் அதை மாட்டிக் கொடுக்கக் காருக்குள் குனிந்தவர், கால் மிதியைத் தூக்கிப் பார்த்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு மண்ணைத் தேய்த்து மோந்து பார்த்து, நிமிர்ந்து சொன்னார்: "இது வெள்ளத்துல நின்ன வண்டிங்க. அடியெல்லாம் துரு ஏறிப்போச்சு."

அந்த மனிதர் தானும் குனிந்து கால் மிதியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மூடியை வாங்காமலே போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை. "அந்த மாலை வாடற வரைக்காச்சும் பொறுத்திருக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டே விட்டேன்.

"மாலை வாடுனதுக்கப்புறம் சொன்னா, வித்தவன் ஊட்டுக் கதவைத் தட்ட முடியாதுங்களே. இன்னைக்கே போனா மாத்திக்கலாமுங்க."

அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்கவில்லை. எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் ஒரு பயம். அதற்குக் காரணம் இருந்தது.

அவர் மனைவி தினமும் சாப்பாடு கொண்டுவருவார். நல்ல வாயாடி. காத்திருந்த ஒரு மதியம் என்னைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்துத் தன் கதையைச் சொன்னார். பொண்ணு பார்க்க வந்த இடத்தில், பெரியவர்கள் எல்லாம் கூடியிருக்க, மாப்பிள்ளை வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை: "எனக்குக் குறட்டைங்க. பக்கத்து ஊட்டுக்காரங்க வந்து கதவு தட்டுவாங்க."

"எங்கப்பா எந்திரிச்சிட்டாருங்க. நான் உள்ள நின்னுட்டு சிரிச்சுப்போட்டேன். இதையே மறைக்காத ஆளு, இதுக்கு மேல பெருசா என்னத்த மறைக்கப் போறாருன்னு கட்டிக்கிட்டேனுங்க" என்றார்.

"குறட்டை?"

"நெசமாலுமே கதவு தட்டுவாங்க."

இரண்டு நாள் என்றவர் மூன்றாம் நாள் போன் செய்தார். குறை கிடைத்துவிட்டது. பேரிங் உட்காருகிற இடம் உள்ளே தேய்ந்திருக்கிறதாம். புது பேரிங் போட்டாலும் ஆட்டம் நிற்காதாம். நான் போய்ப் பார்த்தபோது அந்தப் புல்லியின் மேல் மஞ்சளில் எழுதியிருந்தது: 'நம்பி ஓட்ட வேண்டாம்.' நான் தவித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், குறையைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. அப்புறம் தேட ஆரம்பித்தார். திருப்பூர், பல்லடம், பொள்ளாச்சி என்று தெரிந்த கடைக்கெல்லாம் போன் போட்டார். சத்தியமங்கலத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் இருக்கிறது என்றார்கள். படம் அனுப்புகிறோம் என்றதற்கு, "படம் வேண்டாமுங்க, வாரேனுங்க" என்று பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்து சொன்னார்: "அஞ்சு வரிதானுங்க."

"ஒரு வரி கம்மியா இருந்தா என்னங்க ஆகும்?"

"பெல்ட்டோட ஒரு ஓரம் வெளிய தொங்கிட்டு ஓடும். பிரிஞ்சு பிரிஞ்சு அந்துபோயிருமுங்க. உங்க வண்டில எல்லாத்துக்கும் அந்த ஒரே பெல்ட்டு. அது அந்துட்டா வண்டியே நின்னுரும்." அப்புறம், யார் என்னிடம் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வருகிற அந்த யோசனையை அவரும் சொன்னார். "ஏசியே வேண்டாமுன்னா ரெண்டு மணி நேர வேலைதானுங்க. சின்ன பெல்ட்டா போட்டு, இந்தப் புல்லி மேல படாம ஓட உட்டுரலாம். கண்ணாடியை எறக்கிட்டு ஓட்டிக்கலாமுங்க."

"ஏசி இல்லாம முடியாதுங்க."

"ஏனுங்க?"

"ஊட்டுல வயசானவங்க இருக்காங்க. மாமியார்."

அவர் என்னைப் பார்த்தார். எங்கள் மாமியார் அன்னூரில் பெரிய மகன் வீட்டில் எருமை கறந்துகொண்டு திடமாக இருந்தார். இவருக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் ஒரு புல்லியைக் காதில் வைத்துச் சுற்றுவதுபோல அந்த வார்த்தையையும் சுற்றிப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

"வயசானவங்கன்னா காலைல சீக்கிரமா, இல்லாட்டி வெயில் சாய்ஞ்சு கூட்டிட்டுப் போலாமுங்களே. நீங்க பங்குனி வெயில்ல மத்தியானம் ஓட்டோணுமுன்னு நிக்கறீங்க. என்னன்னு சொன்னீங்கன்னாத்தான் எதைப் பொருத்தறதுன்னு எனக்குத் தெரியுமுங்க."

பதினேழு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, கம்ப்ரசர்களும் ரப்பர் குழாய்களும் குவிந்துகிடந்த அந்தக் கடையில் நின்று சொன்னேன். என் மகளுக்கு வேர்க்காது. வியர்வைச் சுரப்பிகள் சரியாக அமையாமல் பிறந்தவள். நமக்கெல்லாம் வெயிலில் வேர்த்து உடம்பு தணியும்; அவளுக்குத் தணிய வழி இல்லை. சூடு ஏறிக்கொண்டே போகும். சின்ன வயதில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், பிழைப்பாளா என்ற நிலைக்குப் போய் வந்தவள். அந்த வருஷம் பிளஸ் டூ. ஆர்.எஸ்.புரத்தில் பள்ளிக்கூடம், இருகூரில் வீடு. மதியம் ஒன்றே காலுக்குப் பரீட்சை முடிந்து, உச்சி வெயிலில் அவளை முக்கால் மணி நேரம் கூட்டிவர வேண்டும்.

இதை ஏன் பதினேழு வருஷம் மறைத்தோம் என்று கேட்டால், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொம்பளைப் பிள்ளை. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போக வேண்டியவள். சொந்தபந்தம், ஒறம்பரையில் ஒருத்தர் காதில் விழுந்தால் போதும், கோபியிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் போய்விடும். அதனால் பள்ளிக்கூடத்தில் ஒற்றைத் தலைவலி என்று சொல்லி வைத்திருந்தோம். கல்யாணம் காட்சிக்கு அவளைக் கூட்டிப்போவதில்லை, கேட்டால் படிக்கிறாள் என்போம். நாங்கள் புத்திசாலிகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அவளிடமும் அடித்துச் சொல்லியிருந்தோம், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று.

அவர் "அச்சச்சோ" என்று சொல்லவில்லை. பாவம் என்று சொல்லவில்லை. "எத்தனை நிமிசம் தாங்குமுங்க?" என்று கேட்டார். "சூடு ஏறுறது முதல்ல எப்படித் தெரியும்? தண்ணி ஊத்துனா எறங்குமா?" என்று வரிசையாகக் கேட்டார். எந்த டாக்டரும் என்னிடம் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் அந்த 'நம்பி ஓட்ட வேண்டாம்' புல்லியை எடுத்தார்.

"இது ஒண்ணுதான் இப்போதைக்கு வழிங்க. புது பேரிங் போட்டு, ஆடாத மாதிரி இறுக்கித் தாரேன். ஓடற வரைக்கும் ஓடும். நிக்கறப்ப சொல்லிட்டு நிக்காது. நான் பாட்டுக்குத் தேடிட்டே இருக்கேன். ஆனா மாட்டறதுக்கு முன்னாடி பாப்பாகிட்ட நான் சொல்லோணுமுங்க."

"அவகிட்ட எதுக்குங்க?"

"வண்டில போறது அவங்கதானுங்களே. போறவங்களுக்குத் தெரியாம குறைச் சாமானை மாட்ட மாட்டேனுங்க."

எவ்வளவோ பேசிப் பார்த்தேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளையை பயமுறுத்தலாமா என்றேன். அசையவில்லை. வேறு வழியில்லாமல் அடுத்த நாள் காலையில், வெயில் ஏறும் முன் அவளை ஆட்டோவில் கூட்டிப் போனேன். அவர் புல்லியை அவள் கையில் கொடுத்தார்.

"இதுல உள்ள தேஞ்சிருக்குதுங்க அம்மணி. ஒரு நாளைக்கு நடு ரோட்டுல நின்னு போயிரும். ஏசியும் நிக்கும், வண்டியும் நிக்கும்."

"எந்த நாளைக்குங்க?" என்றாள்.

"அது தெரியலீங்க."

"சரிங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான் பேச்சு. வருகிற வழியில் என் முகத்தைப் பார்த்து, "எதுக்கும்மா இப்படி உக்காந்திருக்கே? அவரு புல்லியைத்தானே சொன்னாரு" என்றாள்.

எனக்கு அப்போது பயம் புல்லியைப் பற்றி இல்லை. சொல்லிவிட்டு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போயும் போயும் யாரிடம் சொல்லியிருக்கிறேன்! தன் குறட்டையை ஊர் கூட்டிச் சொன்ன மனிதர். சரக்கின் குறையைப் பெயிண்ட் அடித்து எழுதி வைக்கிறவர். இவர் மனைவிக்குத் தெரிந்தால் சாப்பாட்டுக் கேரியரோடு உக்கடம் முழுக்கப் போய்விடும். பக்கத்துக் கடைக்காரருக்கு எங்கள் பெரியப்பா ஊர்ப்பக்கம்தான். நானே என் மகள் தலையில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்து நினைத்து மருகினேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

தமிழ், இங்கிலீஷ், கணக்கு, இயற்பியல். நான்கு பரீட்சைக்கும் புல்லி ஓடியது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது என் காது இன்ஜினில் இருக்கும். அவள் கேள்வித்தாளைப் பற்றிப் பேசுவது எதுவும் என் மண்டையில் ஏறாது. வேதியியல் பரீட்சை அன்று, திருச்சி ரோட்டில் சிங்காநல்லூரைத் தாண்டும்போது 'பட்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் இரும்பாகிவிட்டது. எப்படியோ ஓரம் கட்டினேன். ஏசி காற்று நின்றது. மணி ஒன்றே முக்கால். ரோட்டில் மருந்துக்கு ஒரு மரம் இல்லை.

"கண்ணாடியை எறக்கு, ஆனா நீ எறங்காதே. ஆட்டோ புடிக்கறேன்" என்று நான் வெளியே குதித்துக் கையைக் காட்டினேன். வந்த இரண்டு ஆட்டோவிலும் ஆள் இருந்தது. கையோடு கொண்டுவந்த தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தேன். அது போதாது என்று எனக்குத் தெரியும். அவள் முகம் செக்கச்செவேல் என்று ஆகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பைக் கழுவுகிற வாட்டர் வாஷ் கடை. நாலைந்து பேர் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தார்கள். ஒருவர், "ஏனுங்க, பாப்பாவுக்கு என்னங்க?" என்று கேட்டார். என் வாய், பழக்க தோஷம், தானாகச் சொன்னது: "ஒண்ணுமில்லைங்க. லேசா தலைவலி."

நான் சொல்லி முடிக்கவில்லை, அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். ஹால் டிக்கெட்டை என் கையில் திணித்தாள். நேரே அந்தக் கடைக்குள் போய், பைக் கழுவிக்கொண்டிருந்தவர் முன்னால் நின்றாள்.

"அண்ணா, எனக்கு வேர்க்காதுங்க. பொறந்ததுல இருந்தே. சூடு ஏறுனா மயக்கம் வந்துரும். என்மேல தண்ணி அடிங்க, சீக்கிரம்."

அந்த மனிதர் ஒரு நொடி விழித்தார். பிறகு வேகமாக அடிக்கிற குழாயைக் கீழே போட்டுவிட்டு, சாதாரணக் குழாயை எடுத்துத் தலையிலிருந்து கால் வரைக்கும் பிடித்தார். யூனிபார்மோடு, ஷூவோடு, அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வேறொருவர் பெரிய குடையைப் பிடுங்கி வந்து நிழலுக்குப் பிடித்தார். பேக்கரியிலிருந்து ஒரு பெண் ஐஸ் கட்டிகளைத் துண்டில் கட்டிக்கொண்டு ஓடிவந்து, "எங்க வைக்கோணும் சாமி?" என்று அவளிடமே கேட்டாள். அவள் கழுத்தைக் காட்டினாள். கால் மணி நேரத்தில் முகத்தில் சிவப்பு இறங்கிவிட்டது. அவள் பல் தெரியச் சிரித்தாள். நான் ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்று அழுதேன். அங்கே இருந்த ஒருத்தர்கூட அவளை நாங்கள் பயந்த மாதிரிப் பார்க்கவில்லை. அதுதான் என்னை அழவைத்தது.

மறுநாள் சனிக்கிழமை கடைக்காரருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பெல்ட் அறுந்த வரைக்கும் சொன்னேன், குழாய்த் தண்ணீரை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். "பாப்பா நல்லாருக்காங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரே கூப்பிட்டார். தாராபுரம் பக்கம் ஒரு ஷெட்டில் நின்றிருந்த காரிலிருந்து ஆறு வரிப் புல்லி ஒன்று கிடைத்துவிட்டதாம். திங்கட்கிழமைதான் கடைசிப் பரீட்சை.

"அப்பாடா! இப்பவே வந்து வாங்கிக்கறேனுங்க."

"இல்லீங்க. இன்னும் இதுக்குக் குறை கண்டுபுடிக்கலீங்க."

"உங்க குறையைக் கட்டிட்டு நீங்களே அழுவுங்க!" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது ஒன்று. அவர் மேஜைமேல் அந்தப் புல்லி தனியாக, துடைத்து வைத்து இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். முகம் வாடியிருந்தது.

"சுத்திச் சுத்திப் பாத்துட்டேனுங்க. ஒரு குறையும் தெரியலீங்க. அதுதான் பயமா இருக்குதுங்க. நேத்து பரீட்சைக்கு எப்படிங்க போனீங்க? எனக்குச் சோறே எறங்கலீங்க."

"பஸ்ல போனாளுங்க" என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வாட்டர் வாஷ் கடையில் அவள் வாயைத் திறந்து சொன்னதை. அன்று சாயங்காலமே தோழிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னதை. திங்கட்கிழமை பரீட்சை முடிந்ததும், நாலு பிள்ளைகள் சேர்ந்து பள்ளிக்கூடக் குழாயில் அவளைத் தொப்பலாக நனைத்து, ஈரத் துண்டைத் தலையில் போட்டு, கேன் தண்ணீரோடு டவுன் பஸ்ஸில் ஏற்றியதை. இரண்டு பேர் இருகூர் வரைக்கும் கூடவே வந்ததை. பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவள் பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியதை. அவர் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே கேட்டார். ஜன்னல் சீட்டா? எத்தனை நேரம் ஆனது? சுங்கம் சிக்னலில் நெரிசல் இருந்ததா? நான் பதில் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஒரு வியாபாரம் கைவிட்டுப் போகும்போது அவ்வளவு சந்தோஷப்பட்ட கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"அப்ப இது வேண்டாமுங்களா?" என்று புல்லியைத் தள்ளி வைத்தார்.

"மெதுவா மாட்டிக்கலாமுங்க. அவசரமில்லை."

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஒரு நிமிஷம் யோசித்து, மறுபடி உள்ளே வைத்தார். பிறகு கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டார்:

"ஊட்டுல சொல்லிக்கலாமுங்களா?"

"எதைங்க?"

"பாப்பா பஸ்ல போனதைங்க. அதைச் சொல்லோணும்னா, வேர்க்காதுங்கறதையும் சொல்லோணுமுங்களே. இத்தனை நாளா நான் சொல்லலீங்க. இந்த ஒரு புல்லிக்கு எதுக்கு இப்படி ஊர் ஊரா அலையறீங்கன்னு தெனமும் கேட்டு என்ற உசுர வாங்கறா. கஸ்டமர் சமாச்சாரம்னு சொல்லிட்டேன். அது உங்க பாப்பா சொல்ல வேண்டியதுங்க, நான் எப்படிச் சொல்றது?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த மூன்று வாரமும் நான் அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

"சொல்லுங்க" என்றேன். "தாராளமா சொல்லுங்க. எல்லார்கிட்டயும் அவளே சொல்லிட்டிருக்கா."

அங்கேயே நின்று மனைவிக்கு போன் போட்டார். ஆதியிலிருந்து ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று, அவர் விட்டுவிட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.